பூஞ்சணம் டொக்டரும் மஞ்சள் பூசிய காலும்

பூஞ்சணம் பிடித்த பாண் துண்டைப் பார்த்து மகிழ்ந்துபோகிற மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கண்டியில் இருக்கிறார், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்து டொக்டராக. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘பூஞ்சணம் டொக்டர்’ என்றால் வாசலில் நிற்கும் த்ரீவீல்காரர்கூட வழி காட்டுவார்.

மனித உடம்பில் பிடிக்கும் பூஞ்சணத்தைப் போத்தலில் வளர்த்து, அது இன்னது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பூஞ்சணத்துக்கான வெளிநாட்டுத் தீனி வந்து சேராவிட்டால், உருளைக்கிழங்கை அவித்துத் தானே தீனி செய்வார். வராந்தாவெல்லாம் மணக்கும். "இன்னைக்கு ஆஸ்பத்திரியில கெழங்குக் கறியா?" என்று நோயாளிகள் தட்டோடு எட்டிப் பார்ப்பார்கள்.

ஹேவாஹெட்டத் தோட்டத்தில் தேயிலைக் கட்டை குத்திய என் வலது பாதத்தில், பூக்கோவா மாதிரி கொத்தாக ஒரு சதை வளர்ந்திருந்தது. புற்றுநோயாக இருக்கலாம், பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர்.

"பூஞ்சணமாயும் இருக்கலாம். என்ர போத்தலில வளருதா பாப்பம், பிறகு கத்தியை எடுங்கோ" என்று குறுக்கே நின்றார் நம்ம டொக்டர்.

சதையைச் சுரண்டிப் போத்தலில் இட்டார். ஒன்றும் வளரவில்லை. மறுபடி சுரண்டினார். போத்தல் மொட்டையாகவே இருந்தது. குனிந்து என் காலை முகர்ந்தார்.

"ஆர் இதில களிம்பு பூசினது?"

என் மனைவி பெருமையாக முன்னால் வந்தாள். "நான்தாங்க. கடைக் களிம்போட மஞ்சளும் கோயில் திருநீறும் கொழச்சுப் பூசினேன். டொக்டரம்மாகிட்ட அழுக்குக் கால நீட்டலாமாங்க?"

"ஐயோ அம்மா, அந்தக் களிம்பு என்ர பிள்ளையளைக் கொல்லுது! திருநீறு நெத்திக்கு. கால் எனக்கு!"

"சாமிக்குத் தெரியாததாங்க?"

"ஓம், அவருக்குத் தெரியும். களிம்பு பூசச் சொன்னதும் அவர்தானோ?"

காலுக்குக் கட்டுப் போட்டு, முடிச்சின் மேல் மையால் கையெழுத்தும் வைத்தார், வாக்குப்பெட்டிக்குச் சீல் வைக்கிற மாதிரி. அடுத்த கிழமை கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் சுரண்டினார்.

அதற்குள் கத்திக்கு நாள் குறித்துவிட்டார்கள். "முருகா, என் காலில் இருப்பது பூஞ்சணமாகவே இருக்கட்டும்" என்று அழுது வேண்டிய பக்தன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வளர்ந்தது! பூஞ்சணம் டொக்டர் போத்தலைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடிவந்தார். உள்ளே கறுப்பு வெல்வெட் மாதிரி படர்ந்திருந்தது.

"பாருங்கோ, எவ்வளவு வடிவு! இதுக்குக் குளிசை போதும், கத்தி வேண்டாம்!"

என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் போத்தலைக் கும்பிட்டாள்.

மாதக்கணக்கில் குளிசை சாப்பிட்டேன். சதை வற்றிப்போனது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கோயிலுக்கு நடந்தே போகிறோம். டொக்டர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை உண்டு. அவருடைய நட்சத்திரம் எங்களுக்குத் தெரியாது. ஐயர் கேட்டால், என் மனைவி தன்னுடையதைச் சொல்லிவிடுகிறாள்.