“கோடு நல்லா இருக்கு, மாப்பிள்ளை”

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம் என்று எழுத முடியவில்லை. அங்கு நலமா என்று உங்களைக் கேட்பதிலும் பயனில்லை. உங்கள் கணிப்பில் எல்லோரும் எப்போதும் நலம்தான். உங்களைத் தொலைபேசியில் அழைப்பதா, கடிதம் எழுதுவதா என்று மூன்று நாள் ஆலோசித்து, கடிதமே என்று இன்று காலை எட்டு மணிக்கு முடிவெடுத்தேன். தொலைபேசியில் நீங்கள் பேசுவீர்கள்.

போன மாதம், பதினான்கு படி ஏறுவதற்குள் எனக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியதால் எடுத்த இசிஜி தாளை, நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தீர்கள். முப்பது வருடம் மோட்டார்களுக்கு இணைப்புக் கொடுத்தவர் என்ற தகுதியில், “கோடு நல்லா இருக்கு, மாப்பிள்ளை. கரண்ட் வருது, மோட்டார் ஓடுது. ஸ்கேன் கீன்னு போய்ப் படுக்காதீங்க” என்று தீர்ப்பும் சொன்னீர்கள். நானும் டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்த இதய ஸ்கேனை ரத்து செய்துவிட்டு, மறுநாள் உங்கள் வீட்டு பீரோவின் ஒரு முனையைத் தூக்கினேன். மூன்றாம் படியில் உட்கார்ந்தேன். பீரோவும் என்னோடு உட்கார்ந்தது. “காலையில சரியா சாப்பிடல போல” என்று அப்போதும் மின்சாரத்தை விட்டுக்கொடுக்காமல் பேசினீர்கள்.

மூன்று நாள் முன்பு டாக்டரம்மா அதே தாளை விரித்தார். “இந்தச் சின்ன மேடு, இதயத்தோட மேல் அறைகளைச் சுருங்கச் சொல்ற உத்தரவு. இந்தக் கூர்முனை கீழ் அறைகளுக்கு. கடைசி மேடு, அடுத்த உத்தரவுக்குத் தயாராகிறது. உத்தரவு போன பிறகுதான் தசை சுருங்கும். எவ்வளவு பலமா சுருங்குதுன்னு இந்தத் தாள் சொல்லாது. கோடு ஓடிட்டே இருக்க, நாடி இல்லாமப் போறதும் உண்டு. ஸ்கேன் வேண்டாம்னு யார் சொன்னது?”

“மைத்துனர்.”

“டாக்டரா?”

“மோட்டார்” என்றேன். இன்று காலைக்கு ஸ்கேனுக்கு மறுபடி நேரம் குறித்துக் கொடுத்தார்.

இருபத்தெட்டு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். உத்தரவில் கையெழுத்துப் போட்டதுமே வேலை முடிந்துவிட்டதாக நம்பிய அதிகாரிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அவர்களையாவது மாற்றல் செய்தார்கள். மைத்துனருக்கு ஏது மாற்றல்? என் வீட்டுக்கு நீங்களே மாட்டிய தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். கரண்ட் வருகிறது, உறுமுகிறது, தண்ணீர் மட்டும் ஏறுவதில்லை.

உங்கள் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “அந்த மனுஷனுக்கு இன்னும் என்ன எழுதறீங்க? ஸ்கேனுக்குக் கிளம்பணும்ல?” என்கிறாள். “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். பீரோ விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கடுமையாகத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

வயதில் பெரியவர் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு வணக்கம். உங்கள் மனைவிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: திருத்தி முடித்தபோது மணி பன்னிரண்டு. ஸ்கேனுக்குக் கொடுத்திருந்த நேரம் பத்தரை. அடுத்த நேரம் ஐந்து வாரம் கழித்து.