ஆராவமுதனின் தலை

ஆராவமுதனின் தலை ஆடிக்கொண்டிருந்தது. வர்ணத்தின் முதல் வரியில் மெதுவாக ஆரம்பித்தது, இப்போது நன்றாகச் சூடு பிடித்துவிட்டது. பட்டாபி ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து அந்த வழுக்கைத் தலையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் பாடுவது அவன் மனைவி நீரஜா. அவளை அவன் இன்னும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சபாவில் மார்கழிக்கு மார்கழி யாருக்கு எந்த நேரம் என்று முடிவு செய்வது ஆராவமுதன். வயது எண்பத்திரண்டு. முதல் வரிசை நடு சோபாவில் உட்காருவார். தலை ஆடினால் அந்தப் பாடகருக்கு அடுத்த வருஷம் சாயங்காலக் கச்சேரி. ஆடாவிட்டால் மறுபடியும் மதியம் ஒன்றரை மணி. சங்கீதத்தைத் தவிர வேறு எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று சபாவில் பெருமையாகச் சொல்வார்கள். காலையில் பட்டாபி போய் நமஸ்காரம் செய்து, மனைவி பேர், குரு பேர், பதினொரு வருஷமாக ஒன்றரை மணிக்கே பாடுவது எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் "பேஷ்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக் கச்சேரிக்கு வருகிறவர்கள் கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஏசியில் கண்ணயர வருகிறவர்கள். அவர்களுடைய குறட்டைக்கு நடுவில் நீரஜா பதினொரு வருஷம் பாடிவிட்டாள்.

"ஏன்னா, இந்தத் தடவையும் ஒண்ணரைன்னா இதோட மேடை போறும்," என்று காலையில் தலை வாரிக்கொண்டே சொல்லியிருந்தாள். "தம்புராவுக்கு உறை போட்டு பரண்ல வெச்சுடறேன். யாரும் வருத்தப்பட வேண்டாம்."

சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் பட்டாபி பயந்திருக்க மாட்டான். அவள் பால் பாக்கெட் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

எனவே ஆராவமுதனின் தலையைக் காவல் காப்பது என்று தீர்மானித்துத்தான் அவன் வந்திருந்தான். அப்போதுதான் அந்த ஆள் கண்ணில் பட்டான்.

மேடைக்குப் பக்கத்தில், தூணோரமாக, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கசங்கிய வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெருமாள் கோயில் யானை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, தொடையில் பளார் பளார் என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஆராவமுதன் நொடிக்கொரு தரம் புருவத்தைச் சுருக்கி அவனையே பார்த்தார். பட்டாபிக்குப் பகீரென்றது. பெரியவருக்கு இடைஞ்சல்!

குனிந்தபடியே தூணுக்கு ஓடினான்.

"ஏம்பா, உன் பேர் என்ன?"

"தேசிங்கு சார்."

"இங்க நாற்காலி போட யார் சொன்னா? பின்னாடி போய் உக்காரு."

"தாளத்துல இருக்கேன் சார். பாட்டு முடியட்டும்."

"நீ போடற தாளம்தான் பிரச்னையே. அங்க பாரு, பெரியவர் உன்னையே பாக்கறார்."

"பாக்கணும்ல சார்."

"என்ன பாக்கணும்? இது என்ன சினிமாவா? எழுந்திரு முதல்ல."

தேசிங்கு எழுந்திருக்கவில்லை. "இருபத்தேழு வருசமா கேக்குறேன் சார். நான் இங்க இல்லைன்னா சரிப்படாது. அம்மாவுக்குத்தான் கஷ்டம்."

"அம்மா கஷ்டத்தைப் பாக்க நான் இருக்கேன். நான்தான் அம்மாவோட ஆத்துக்காரர்."

"அப்ப உங்க இஷ்டம் சார்," என்று தேசிங்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான்.

பட்டாபி நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஆராவமுதனின் தலை நின்றுபோயிருந்தது.

வர்ணம் முடிந்து ஹம்சத்வனியில் பிள்ளையாரைப் பாடி முடித்தாள். தலை அசையவில்லை. பெரியவர் தூணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தன் கைவிரல் நகங்களைப் பார்த்தார். பட்டாபி எழுந்து முன்னால் ஓடினான். ஒருவேளை சத்தம் போதவில்லையோ? மேடைக்கு ஓரத்தில் மைக் செட்காரர் ஏழுமலை பெட்டிக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழுமலை, முன்வரிசைக்குச் சரியா வரலை. கொஞ்சம் ஏத்துங்கோ."

"இதுக்கு மேல ஏத்தினா கத்தும் சார்."

"கத்தட்டும். ஏத்துங்கோ!"

ஏழுமலை ஏற்றினார். மைக் கத்தியது. ரயில் பிரேக் போட்டதுபோல ஒரு கிறீச். தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு மாமி "ராமா ராமா" என்று கத்தினாள். வயலின்காரரின் வில் நழுவியது. ஆராவமுதன் மட்டும் கல்லுப் பிள்ளையாராக அப்படியே உட்கார்ந்திருந்தார். காதைப் பொத்திக்கொள்ளக்கூட மனசில்லாத கோபம் என்று பட்டாபிக்குப் புரிந்தது.

"நான் சொல்லலை?" என்றார் ஏழுமலை.

மேடையில் நீரஜா ஒரு நிமிஷம் நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்தாள். அரங்கம் நிசப்தமாக இருந்தது.

"பேஷ்!" என்றார் ஆராவமுதன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டாபிக்கு அழுகை முட்டியது. பாட்டுக்கு இல்லாத பேஷ், வெந்நீருக்கு! இதைவிட ஒரு மனுஷன் என்ன குத்திக்காட்ட முடியும்?

இந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டினார். "சார், கடைசி வரிசையில ஒருத்தன் நாற்காலி மேல ஏறி நின்னுண்டு தலையை ஆட்டறான். மறைக்கறது. உங்க மனுஷனா?"

பட்டாபி பின்னால் ஓடினான். தேசிங்கு நாற்காலிமேல் நின்று எக்கி எக்கி முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்றே?"

"இங்கேர்ந்து தெரியல சார்."

"பாட்டுக் கேக்கத் தெரியணுமா? உனக்குக் கும்பிடு போடறேன், இந்தா டோக்கன். கேன்டீன்ல போய் கீரை வடையும் காபியும் சாப்பிடு. கச்சேரி முடியற வரைக்கும் உள்ள வராதே."

தேசிங்கு டோக்கனைப் பார்த்தான். "அங்க ஸ்பீக்கர் இருக்குல்ல சார்?"

"இருக்கு, இருக்கு. போ!"

அவன் போன பிறகு பட்டாபிக்கு இன்னொரு யோசனை வந்தது. அதுதான் அன்றைய யோசனைகளிலேயே மோசமானது. ஆராவமுதனுக்குத் தோடி என்றால் உயிர் என்று யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம். நீரஜா அடுத்து விரிவாக எடுக்கப்போவது சகானா. ஒரு வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த ஒரே ராகத்தை வைத்துக்கொண்டு உருகியிருந்தாள். அந்த ஒரு வருஷமும் பட்டாபி காதின் மேல் தலையணையை வைத்துக்கொண்டு தூங்கியிருந்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான்: "தலை ஆடவில்லை. சகானா வேண்டாம். தோடி பாடு."

சீட்டை மேடை ஓரத்தில் மிருதங்க வித்வானிடம் கொடுத்து, அவளிடம் தரும்படி ஜாடை காட்டினான். வித்வான் அதைப் பிரித்து முதல் வரியை மட்டும் படித்தார். முப்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவரிடம் தலை ஆடவில்லை என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? தன் வாசிப்பைத்தான் சொல்கிறான் என்று முகம் சிவந்தது. சீட்டை நீரஜா பக்கம் விசிறிவிட்டு, அவள் எடுத்திருந்த சின்னக் கிருதிக்கு இடி இடிப்பதுபோல வாசிக்க ஆரம்பித்தார். அவள் வாய் அசைவது தெரிந்தது. பாட்டு கேட்கவில்லை.

பட்டாபி பதறிப்போய் வித்வானைப் பார்த்து இரண்டு கையாலும் கீழே, கீழே என்று அமுக்கிக் காட்டினான். வித்வான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். ஆனால் ஏழுமலை பார்த்துவிட்டார். ஏற்றச் சொன்னவரே இறக்கச் சொல்கிறார் என்று ஒரேயடியாக இறக்கினார். பழைய பெட்டி டப்பென்றது. மேடை மைக், வெளி ஸ்பீக்கர் எல்லாம் ஒருசேர அடங்கிவிட்டன.

"போச்சு சார்," என்றார் ஏழுமலை. "அரை மணியாவது ஆகும்."

"அரை மணியா? கச்சேரியே முக்கால் மணிதானே பாக்கி!"

"நீங்கதான இறக்கச் சொன்னீங்க?"

கிருதி எப்படியோ முடிந்தது. நீரஜா சீட்டை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து பட்டாபியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அவன் மூன்று தடவை பார்த்திருக்கிறான். மூன்று தடவையும் நாலு நாள் ஓட்டல் சாப்பாடு. அவள் சீட்டை மடித்து பிளாஸ்குக்கு அடியில் வைத்தாள். செத்துப்போன மைக்கை ஒரு பக்கமாக நகர்த்தினாள். தம்புரா பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, சுருதியைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு சகானாவை எடுத்தாள்.

மைக் இல்லாத குரல். அரங்கத்தில் இருந்தவர்கள் முதலில் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். யாரோ இரைந்துகொண்டிருந்த ஏசியை நிறுத்தினார்கள். வெளியே எழுந்து போன இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மிருதங்க வித்வான் கோபத்தை மறந்து கையைக் கட்டிக்கொண்டார். சன்னதியில் திரை விலகுவதற்கு முன்னால் ஒரு அமைதி வருமே, அது வந்தது.

சகானா அழுகை இல்லை. அழுது முடித்த பிறகு மனசு இளகிக் கிடக்குமே, அந்த நேரத்து ராகம். பதினொரு வருஷக் குறட்டையும், ஒன்றரை மணி வெயிலும், தலைவாரும்போது சொன்ன அந்தச் சாதாரணக் குரலும் அதில் இருந்தன. எதையும் குறையாக அவள் சொல்லவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கேட்பதற்கு ஒரு சாமி இருந்தால் போதும் என்று சொல்வதுபோல மேலே போய், மெதுவாக இறங்கி வந்தாள்.

பட்டாபி முதல் தடவையாக ஆராவமுதனின் தலையை மறந்தான். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வருஷம் இதையா கேட்காமல் விட்டேன் என்று வெட்கமாக இருந்தது. இவள் பரணில் தம்புராவை வைத்துவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அடுத்த வருஷமும் ஒன்றரை மணிதான் என்றாலும் இவள் காலில் விழுந்தாவது பாடச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

துடைத்துவிட்டுப் பார்த்தால், ஆராவமுதனின் தலை ஆடிக்கொண்டிருந்தது.

சாதாரண ஆட்டமா? வலமும் இடமும், முன்னும் பின்னும். மேடைப் பக்கக் கதவின் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய ஆடினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நீரஜா முடித்ததும் எழுந்து நின்று, காரியதரிசியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார்.

"அடுத்த வருஷம் இந்தப் பொண்ணுக்குச் சாயங்காலம் ஆறரை!"

அரங்கம் கைதட்டியது. மங்களம் பாடும்போது நீரஜாவின் குரல் கொஞ்சம் நடுங்கியது. திரை போட்டதும் பட்டாபி மேடைக்கு ஓடினான்.

"நீரஜா, கேட்டியா? ஆறரை!"

"கேட்டேன். அந்தச் சீட்டைப் பத்தி ஆத்துல பேசிக்கலாம்," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணெல்லாம் ஈரம்.

நன்றி சொல்லாமல் விடக்கூடாது என்று பட்டாபி வாசலுக்கு ஓடினான். ஆராவமுதன் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, கசங்கிய வெள்ளைச் சட்டையில் தேசிங்கு.

பட்டாபி தலையில் அடித்துக்கொண்டான். பெரியவரின் டிரைவரையா விரட்டி விரட்டி அடித்தோம்?

"தேசிங்கண்ணே," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரியாமப் பண்ணிட்டேன். உங்களை வெளியில அனுப்பினதைப் பெரியவர்கிட்ட சொல்லிடாதீங்கோ. ஆறரையை மாத்திடப் போறார்."

"வெளிய ஸ்பீக்கர் நின்னு போச்சு சார். வடையப் பாதியில வெச்சுட்டு மேடைக் கதவாண்ட ஓடியாந்தேன். நல்லவேளை, சகானா கெடைச்சுது," என்றான் தேசிங்கு.

"பெரியவர்கிட்ட..."

தேசிங்கு கதவைச் சாத்திவிட்டு, உள்ளே சிரித்தபடி உட்கார்ந்திருந்த ஆராவமுதனைக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தான்.

"நான் சொன்னா அவருக்கு எங்க சார் வுழும்? ஆறு வருசமா ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. கதவாண்ட நின்னு நான் அழுதேன், அத்தப் பாத்துட்டுத்தான் அவரும் அழுதாரு."