புள்ளி விழுந்த கண்ணாடி

"ஏமாத்திட்டானுங்க புனிதா! புள்ளி விழுந்த சரக்கை நம்ம தலையில கட்டிட்டானுங்க!"

கோதண்டபாணி வாசலில் நின்று, மகள் அனுஷாவின் புதுக் கண்ணாடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையைத் தரம் பார்த்து வாங்கிக்கொடுப்பது அவர் வேலை. ஒரு பிடி பருப்பை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் காட்டுவார். எந்த மூட்டை உள்ளே போகும், எது ஊருக்குத் திரும்பும் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார். இந்த வருஷம் கறுப்புப் புள்ளி அதிகம் என்று மூட்டை மூட்டையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கிளியனூர் குமரேசனின் சரக்கு மட்டும் மூன்று முறை திரும்பியது. "எனக்கு ஒரு புள்ளியும் தெரியலியேண்ணே" என்று அவன் அழாத குறையாகச் சொன்னபோது, "உன் கண்ணு அவிஞ்சுபோச்சா? போய் டாக்டர்கிட்ட காட்டு" என்று விரட்டிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் இந்தக் கண்ணாடி வந்து மாட்டியது.

நாலாம் வகுப்புப் படிக்கும் அனுஷாவுக்குக் கிட்டப்பார்வை. ஒரே வருஷத்தில் பவர் ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. "சாதாரணக் கண்ணாடி தூரத்தைக் காட்டும், அவ்ளோதான். இந்த ஸ்பெஷல் லென்ஸ் பவர் ஏறுற வேகத்தைக் குறைக்கும். எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் போட்டிருக்கணும்" என்று விழுப்புரத்துக் கண் டாக்டர் சொல்லியிருந்தார். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று, அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த கண்ணாடிக் கடைப்பெண் சுப்ரியா பொறுமையாக விளக்கியபோது, கோதண்டபாணி போனில் மில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டவள் மனைவி புனிதா ஒருத்திதான். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

"அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சேங்க. நடுவுல தெளிவா இருக்கும், சுத்தி வட்டமா பொடிப்பொடியா புள்ளி இருக்கும், அதுதான் வேலை செய்யும்னு. பனித்துளி மாதிரி மின்னுது. கறுப்பா எங்க இருக்கு?"

"புள்ளி வேலை செய்யுமா? அப்படின்னா நான் திருப்பி அனுப்புன மல்லாட்டையெல்லாம் மருந்துக்கடைக்கு இல்ல போயிருக்கணும்!"

"எனக்கும் கறுப்பா ஒண்ணும் தெரியலப்பா" என்றாள் அனுஷா.

"நீ சும்மா இரு. உனக்குத்தான் கண்ணே தெரியாதே!"

ஒருவேளை அழுக்கோ என்று சந்தேகப்பட்டார். வேட்டி முனையை நனைத்து, பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் துடைத்தார். புள்ளி போகவில்லை. காதில் மாட்டும் கம்பிதான் 'டிக்'கென்று ஒடிந்தது.

"கம்பி கூட மட்டமான கம்பி!" என்று கடையைத் திட்டிக்கொண்டே கறுப்பு நூலால் கட்டிக்கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்க, அனுஷா தலையைச் சாய்த்துக்கொண்டே பாடம் எழுதினாள். 'பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கா?' என்று டைரியில் டீச்சர் கேட்டு அனுப்பியிருந்தார்.

கோதண்டபாணிக்கு மானம் போயிற்று. "கண்ணாடியே வேணாம், கழட்டு!"

கழற்றியதன் பலன் இரண்டே நாளில் தெரிந்தது. முப்பத்தாறை எண்பத்தாறு என்று எழுதிக் கணக்கில் முட்டை வாங்கினாள். பள்ளிக்கூட வராந்தாவில் சாத்தியிருந்த விளம்பரத் தட்டிக்கு 'குட்மார்னிங் மிஸ்' சொன்னாள். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உங்க ரோஷத்துல புள்ளை கண்ணு போச்சுன்னா, நீங்களா திருப்பிக் குடுப்பீங்க?" என்றாள் புனிதா.

அது அவருக்குச் சுருக்கென்றது. வாய்தான் நீளமே தவிர, மகள் என்றால் அவருக்கு உயிர். அந்த உயிரை வைத்து எவனோ விளையாடிவிட்டான் என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் கூடியது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் தேவசகாயம் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இது ஸ்பெஷல் லென்ஸு. இதைப் போய்..."

"எனக்குப் பாடம் நடத்தாதய்யா! புள்ளி இல்லாத லென்ஸைப் போடு. பழசைப் பொட்டலம் கட்டிக் குடு. அவனுங்க மூஞ்சியில விட்டெறியணும்."

கத்துகிறவரிடம் வாதாடுவதில்லை என்பது தேவசகாயத்தின் முப்பது வருஷப் பழக்கம். "சாயங்காலம் வாங்க சார்" என்றார்.

சாயங்காலம், கடைக்குள்ளிருந்த மங்கலான வெளிச்சத்தில் பார்த்தபோது லென்ஸ் பளிங்காக இருந்தது. கம்பியும் புதுசு. "இது வேலை!" என்று முதுகில் தட்டிவிட்டு வந்தார். காலையில் பொட்டலத்தைப் பிரித்து, பழைய லென்ஸை வெயிலில் காட்டினார். கறுப்புப் புள்ளி அப்படியே இருந்தது. பரம திருப்தி.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பொட்டலத்தோடு விழுப்புரம் பஸ் ஏறினார். கடைக்குள் நுழைந்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து கும்பிட்டான். கிளியனூர் குமரேசன்.

"நீங்க சொன்னீங்கன்னு கண்ணைக் காட்ட வந்தேண்ணே. ஒரு கோளாறும் இல்லன்றாங்க."

"இவனுங்க பேச்சை நம்பாத. வேற நல்ல எடமா பாரு" என்றவர், பொட்டலத்தைச் சுப்ரியாவின் மேஜையில் பொத்தென்று போட்டார். "இன்னாம்மா இது? பச்சப்புள்ள கண்ணுல போடுற சரக்கா இது? திண்டிவனத்துக்காரன்னா இளிச்சவாயனா?"

கடையே திரும்பிப் பார்த்தது. சுப்ரியா லென்ஸை எடுத்து விளக்கில் காட்டினாள்.

"சார், இதுல புள்ளியே இல்லியே. இது வெறும் டம்மி லென்ஸு. புது ஃபிரேம்ல சும்மா மாட்டி வர்றது."

"மாத்திப் பேசுறியா?"

"கண்ணாடி டப்பாவுல எங்க கடைப் பேரைப் பாத்துட்டு, தேவசகாயம் அண்ணன் நேத்தே போன் பண்ணிட்டாரு சார். 'லென்ஸை மாத்தல, தொடைச்சுக் கம்பி மட்டும் போட்டுக் குடுத்தேன், பொட்டலத்துல டம்மியைக் கட்டிட்டேன், ஆளு ரொம்பக் கோவமா வருவாரு, பாத்துக்கம்மா'ன்னாரு." அனுஷாவின் கண்ணாடியைக் கழற்றிச் சாய்த்துக் காட்டினாள். வட்டமாகப் பொடிப்பொடியாக மின்னியது. "பாப்பா போட்டிருக்கிறது எங்க லென்ஸேதான். நல்ல வேளை."

கோதண்டபாணி விடவில்லை. டம்மி லென்ஸைப் பிடுங்கிக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இதோ ஒண்ணு, ரெண்டு, மூணு... கறுப்பா... அட, நில்லு... நகருதும்மா!"

"லென்ஸைக் கீழ வச்சிட்டு அந்த வெள்ளைச் சுவத்தைப் பாருங்க சார்."

பார்த்தார். "இங்கயும் இருக்குதே! பெயின்ட்டும் மட்டமா?"

"சுவத்துலயும் இல்ல சார். அது உங்க கண்ணுக்குள்ள இருக்கு. எத்தினி மாசமா தெரியுது?"

கோதண்டபாணி யோசித்தார். இந்த வருஷ மல்லாட்டை வரத்து தொடங்கிய நாளிலிருந்து என்று மனசுக்குள் கணக்கு வந்தது.

"டாக்டர் சொட்டு மருந்து போட்டுப் பாக்கணும். உள்ள வாங்க" என்றாள் சுப்ரியா.

அனுஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து வழிகாட்டினாள். எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த குமரேசன், மெல்லத் தொண்டையைக் கனைத்தான்.

"அவசரமில்லண்ணே, நல்லா காட்டிக்கினு வாங்க. என் மூட்டைய நாலாவது வாட்டி ஏத்திக்கினு நாளைக்கு வர்றேன்."