குகைவாசிகளின் கலியாணம்

மூன்றாவது எரிமலையும் வெடித்துவிட்டது. இனி வெடிக்கவைக்க உதயரூபனிடம் மலையில்லை.

"மலை தாண்டிட்டன். முடிவச் சொல்லுங்க" என்றாள் றொவீனா.

"பொறுங்க. நடுவில ஆறொண்டு இருக்கு."

"போன கிழமை வரைபடத்தில ஆறு இல்லையே?" என்றாள் அஜந்தா. உதயரூபனோடு அச்சகத்தில் வேலை செய்பவள். அவனுடைய மனதில் இருப்பது முழுவதும் அவளுக்குத் தெரியும். உதவுகிற எண்ணம்தான் துளியும் கிடையாது.

புளியந்தீவில் அந்த அச்சகத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கிற விளையாட்டு இது. மேசையில் ஒரு வரைபடம், தாயக்கட்டை. ஆளுக்கொரு குகைவாசி. உதயரூபன் கதை சொல்வான். மற்றவர்கள் கட்டையை உருட்டித் தங்கள் ஆளை நடத்துவார்கள்.

கதை அவனுடையதல்ல. எட்டு வயதில் சித்தாண்டியில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில், வாடகைக் கேசட்டில் பார்த்த ஓர் ஆங்கிலப் படம். அதைவிட மோசமான படம் உலகத்தில் இருக்க முடியாது. டைனோசரின் முதுகில் ஜிப் தெரிந்தது. கதாநாயகன் புலித்தோலும் கட்டி, கைக்கடிகாரமும் கட்டியிருந்தான். உதயரூபனுக்கு அந்தப் படத்தின்மேல் இன்றைக்கும் தீராத ஆசை. அதன் குறைகளையெல்லாம் விளையாட்டின் சட்டங்களாக்கிவிட்டான். கட்டையில் ஒன்று விழுந்தால் ஜிப் கழன்று, டைனோசருக்குள்ளிருந்து பனியன் போட்ட ஒருவர் இறங்கி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

முடிவுதான் விசேஷம். எரிமலை வெடித்த மறுகணமே குகைவாசிகள் முகம் கழுவி, கோட்டுப் போட்டு, சேர்ச்சில் கலியாணம் முடித்து, வயலினுக்கு ஆடத் தொடங்கிவிடுவார்கள். மனிதர்கள் நாகரிகமடைந்ததை இவ்வளவு சுருக்கமாக வேறெந்தப் படமும் காட்டவில்லை என்பது அவனுடைய கட்சி.

தை மாதத்தில் முதல் தடவை அந்த முடிவைச் சொன்னபோது றொவீனா கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தப் பொம்பிளை எப்பிடிச் சிரிச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் அதே விசாரணைதான். முடி நீளமா? சப்பாத்து என்ன நிறம்? மணப்பெண்ணைப் பற்றி ஒரு பெண் இத்தனை தரம் கேட்டால் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? உதயரூபனுக்கு நித்திரை போய்விட்டது. முடிவை இடையில் சொல்லக் கூடாதென்று அவசரமாக ஒரு சட்டம் போட்டு, இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில், பேர்த்தில் இருக்கிற மாமி அவளுக்கு விசா எடுத்துவிட்டார். "முடிவ இன்னொருக்காக் கேட்டிட்டுத்தான் போவன்" என்றாள் றொவீனா. கேட்காவிட்டால் போகமாட்டாள் என்று உதயரூபன் முடிவு கட்டினான். மூன்று எரிமலைகள் வந்தது அப்படித்தான். இன்னும் ஒரு கிழமை எதிரில் இருந்து கட்டை உருட்டினால் போதும், மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கிழமையும் ஏங்கினான்.

இன்றைக்கு இன்னொரு ஆபத்து. மகள் றொவீனாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வழக்கமாகக் கீழே ஸ்கூட்டரில் காத்திருக்கும் பேர்டி அங்கிள், மேலே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். கடலோர டச்பாரில் வீட்டையும் மனைவியையும் சுனாமி வந்த ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நாலு வயதுப் பிள்ளையோடு புளியந்தீவுக்கு வந்த மனிதர். உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும், ஒரு போட்டோகூட, மிஞ்சவில்லை.

"டடியும் முடிவக் கேட்கட்டும்" என்றாள் றொவீனா.

தகப்பன் மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டார்! உதயரூபன் சட்டைக் கொலரைச் சரிசெய்தான்.

"ஆறு பெருகி ஓடுது. முதலை வேற நிறைய" என்றான்.

"முதலைல ஏறிப் போறன்" என்றாள் றொவீனா. படத்தில் வந்தது ரப்பர் முதலை. கடிக்காது, மிதக்கும் என்று அவனே சட்டம் எழுதியிருந்தான். ஆற்றை அவள் நடந்திருந்தால்கூட இவ்வளவு விரைவாகத் தாண்டியிருக்கமாட்டாள்.

உடனே ஒரு டைனோசரை விட்டான். றொவீனாவுக்கு ஒன்று விழுந்தது. பனியன்காரர் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் குறுக்குப் பாதை காட்டினார்.

"பறக்கிற பிராணியொண்டு உங்களத் தூக்கிட்டுப் போகுது!" என்று உதயரூபன் கிட்டத்தட்டக் கத்தினான்.

"பிராணி தூக்கினா முடிவிலதான் கொண்டுபோய்ப் போடும்" என்றாள் அஜந்தா. "படத்தில அப்பிடித்தான் எண்டு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

தப்ப வழியில்லை. அவன் தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் முகம் கழுவிட்டாங்க. வயலின் கேட்குது. பொம்பிளை வெள்ளை உடுப்பு. சப்பாத்தக் கழற்றிக் கைல எடுத்திட்டா. வெறுங்காலோட ஆடுறா. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில சின்ன இடைவெளி. சிரிக்கேக்க கண் ரெண்டும் மூடிரும். சப்பாத்துக் கைய உயர்த்தி எங்களப் பார்த்து என்னமோ சொல்லுறா, விளங்கல்ல."

றொவீனா அழுதுகொண்டிருந்தாள். போக மனமில்லாமல்தான் அழுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை?" என்று கேட்டார் பேர்டி. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

வந்துவிட்டது மாப்பிள்ளைப் பேச்சு. உதயரூபன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவன் சரியில்ல அங்கிள். அப்பிடி வடிவான பொம்பிளை முன்னுக்கு நிண்டு ஆடுறா, அந்த மடையன் அவட முகத்தப் பார்க்கவே இல்ல. என்னத்தையோ துலைச்சவன் மாதிரிக் கடைசிவரைக்கும் கீழயே பார்த்துக்கொண்டு நிண்டான். நானெண்டா கண்ண எடுக்கமாட்டன்."

றொவீனா தகப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பேர்டி மடியில் இருந்த ஹெல்மெட்டைத் துடைத்தார். பிறகு அதையே மறுபடியும் துடைத்தார்.

"துலைக்கல்ல, மனே. எங்கட கலியாணத்தில கமராக்காரனுக்குக் கேசட் முடிஞ்சுபோக, வாடகைக்கு எடுத்த குகைப் படத்த எடுத்து நீட்டினதும் நான்தான், மறந்துபோய் அதையே கடைல திருப்பிக் குடுத்ததும் நான்தான், இவள்ட அம்மாட காலை மிதிச்சிருவனோ எண்ட பயத்தில கீழ பார்த்துக்கொண்டு ஆடினதும் நான்தான். இன்னொருக்காச் சொல்லுங்க, அவ சிரிச்சத நான் பார்க்கல்ல."