கதவுதட்டி அக்கா லிஃப்டில் பொருத படலம்

வானோரே, கைவேலையைச் சற்றே நிறுத்துங்கள். திசைகாக்கும் யானைகளே, காதாட்டுவதை ஒத்திவையுங்கள். வையகத்தின் போக்கையே திருப்பிவிட்டிருக்கக்கூடிய ஒரு பெருஞ்சமர் இங்கே உரைக்கப்படவிருக்கிறது.

வாழ்க கதவுதட்டி அக்கா! வீடுவீடாய்ச் சென்று உடல்நலம் விசாரிக்கும் சுகாதாரக் களப்பணியாளர் சங்கத்தின் செயலாளர். அழைப்புமணி செத்துப்போன வாசல்களையும் அடிபணியவைத்த இரும்புவிரலாள். நாய்ப்பல் தடத்தைக் கெண்டைக்காலில் விழுப்புண்ணாய்த் தாங்கிய மறத்தி. அப்புண்ணே இப்போருக்கு வித்து. ஊசி போட்டுக்கொள்ள அவள் விடுப்புக் கேட்டபோது, நாய் கடித்தது உன் சொந்த விஷயம் என்றது நிர்வாகம். சங்கம் சினந்தெழுந்தது. வேலைநேரத்து நாய்க்கடி வேலைக்காயமே என்றொரு மசோதாவையும் சட்டமன்றக் குழு வரை உந்தித்தள்ளியது. அதை எடுப்பதும் கிடப்பில் போடுவதும் குழுத்தலைவரின் ஒற்றை நாவில் இருந்தது. கூட்டத்தொடரோ அன்றோடு முடிகிறது.

சட்டமன்றத் தாழ்வாரத்துச் சோபாக்களையெல்லாம் டைல்ஸ் உற்பத்தியாளர் சங்கத்தார், அத்தர் மணக்கும் கோட்டுப்படையோடு முன்னமே கைப்பற்றியிருந்தனர். அக்காவுக்கு வாய்த்தது லிஃப்ட் ஓரச் சுவர். அருகே அவளது ஒரே சேனாதிபதி, ஊரே சித்தப்பா என்றழைக்கும் சங்கப் பொருளாளர்.

"மூணு மாடிதாம்மா போகும். கும்பிடு, நாய், மசோதா. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

"தெரியும் சித்தப்பா. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

வந்தார் குழுத்தலைவர், எதிர்க்கட்சியின் எழுபது கேள்விகளையும் ஒரு கொட்டாவியில் வீழ்த்திய வித்தகர். கடல் பொங்கினாற்போல் கோட்டுப்படை பொங்கியெழ, அலைகிழிக்கும் சுறாவென, ஆடுகண்ட வல்லூறென, கடைசிப் பேருந்தைக் கண்ட பயணியென அக்கா பாய்ந்து உள்ளே புகுந்தாள். கதவு மூடியது. அத்தர் வெளியே நின்றது.

கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு அவள் பார்வை தாழ்ந்தது. அங்கேதான் விதி பதுங்கியிருந்தது: தலைவரின் கணுக்கால் வீங்கி, செருப்புவார் சதைக்குள் புதைந்திருந்தது. இத்தனை ஆண்டு வாசற்படிகளில் விளைந்த பழக்கம் அவளுக்குள் சிங்கமெனச் சிலிர்த்தெழுந்தது.

"கால் எத்தன நாளா இப்படி இருக்கு?"

"நீங்க யாரும்மா?"

"அத விடுங்க. பிரஷர் மாத்திர போடுறீங்களா?"

அவையை அதிரவைத்த குரல் அடிவயிற்றுக்குள் ஒளிந்துகொண்டது. "நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்திட்டேன். வீட்ல சொல்லிடாதீங்க."

"உப்பு?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

தலைவர் லிஃப்டின் கூரையைப் பார்த்தார். அப்போது அக்கா எண்டிசையும் கிடுகிடுக்க முழங்கினாள்: "இன்னைக்கே டாக்டரப் பாக்குறீங்க. ராத்திரி காலத் தலகாணி மேல வெச்சுப் படுக்குறீங்க. சரின்னு சொல்லுங்க."

"சரிம்மா."

கதவு திறந்தது. வாளிழந்த மன்னனாய்த் தலைகவிழ்ந்து அவர் குழு அறைக்கு நடந்தார். அக்காவோ வாகைசூடி, வெற்றிமுரசம் நெஞ்சுக்கூட்டில் அதிர, படிகள் ஒவ்வொன்றும் பகைவர் முடியென மிதித்து, வானவர் பூமாரிக்கு முந்தானையைச் சரிசெய்தவாறு இறங்கிவந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் சித்தப்பா.

"சரின்னுட்டாரு."

"மசோதாவுக்கா?"

அவள் அதைக் கேட்க மறந்துவிட்டாள்.