நாகராஜுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் சட்டப்படி ஒப்பந்தம் எழுத உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டல். பரிமாறுகிறவர் நாகராஜ். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசியே இன்னொரு தோசை சாப்பிட வைத்துவிடுவார். ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணா, கம்பெனி கேன்டீன்ல கூப்பிடறாங்க. ஒப்பந்தம் எழுதித் தராங்களாம். நீங்களும் சட்டப்படி எழுதிக் குடுத்தா இங்கயே இருந்துக்கறேன். திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

அவர் போனால் பாதி ஓட்டல் போனது மாதிரி. ஜெராக்ஸ் கடையில் மாதிரி ஒப்பந்தம் ஒன்று வாங்கினேன். முதல் தரப்பினர், இரண்டாம் தரப்பினர், மேற்படியார். படிக்கப் படிக்க நான் முதலாளியா தொழிலாளியா என்றே குழம்பிவிட்டது. மாதாவை வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமை மாதா கோயிலில் ஒரு கல்யாணம். (எல்லாக் கல்யாணத்துக்கும் மைக் பிடிப்பது நான்தான்.) மணமக்கள் வாக்குறுதி சொன்னபோது எனக்கு வெளிச்சம் கிடைத்தது. இரண்டு பேர், சாட்சி, கையெழுத்து. இதைவிட உறுதியான ஒப்பந்தம் ஏது?

முத்திரைத்தாளில் எழுதினேன்: 'கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், சுகத்திலும் நோயிலும் நாகராஜைக் கைவிட மாட்டேன். அவரும் வேறு ஓட்டலை நாடாமல், சாகும்வரை எனக்குப் பிரமாணிக்கமாய், உண்மையாய் இருப்பார்.' என் மனைவி ஸ்டெல்லா படிக்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள் (அடுப்பில் சாம்பார்). நாகராஜ் வீட்டில் காட்ட எடுத்துப் போனார்.

திங்கள் காலை, ஓட்டல் நிறைந்திருந்த நேரம். அவர் மனைவி மஞ்சுளா தாளோடு வந்தார்.

"அண்ணா, இவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

எல்லோரும் இட்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா, இது வேலைக்கு..."

"வேலைன்னா சம்பளம் எங்க? வார லீவு எங்க? எத்தன மணி நேரம் நிக்கணும்? இது எதுவும் இல்லாம சாகற வரைக்கும் பாக்கற வேலய வீட்ல நானே பாக்கறேன்."

"நல்லாக் கேளு மஞ்சுளா" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். என் சாட்சிதான்.

ஆர்டர் நோட்டில், மஞ்சுளா சொல்லச் சொல்ல எழுதினேன். சம்பளம், வேலை நேரம், செவ்வாய்க்கிழமை லீவு, விலகினால் ஒரு மாதம் முன்னால் சொல்வது. மத்தியானமே கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவரிடம் கொடுத்துச் சரியாக எழுதி வாங்கினேன். நாகராஜ் கேன்டீனுக்குப் போகவில்லை.

இப்போதும் செவ்வாய்க்கிழமை நான்தான் பரிமாறுகிறேன். தோசை கேட்டவருக்குப் பொங்கல் போகும். ஸ்டெல்லா வந்து சமாளிப்பாள்.

"கோவிச்சுக்காதீங்க. இவரோட ரெண்டாவது சம்சாரத்துக்கு இன்னிக்கு லீவு. மொத சம்சாரத்துக்குத்தான் இன்னும் எழுதித் தரல."