கொக்குக்கு நான் கூவின கூவல்

அடிபட்ட பிராணியைப் பார்த்தால் தூக்கி வந்துவிடுவது எனக்கொரு வியாதி. அணில், கீரி, ஒருமுறை உடும்பு. (உடும்பு பீரோவுக்கு அடியில் நாலு நாள். என் வீட்டுக்காரர் நாலு நாளும் கட்டில் மேலேயே.) ஆனால் என் மானத்தை வாங்கியது ஒரு கொக்கு.

கடற்கரையில் பிய்ந்த வலைக்குள் சிக்கி, இறக்கை கிழிந்து கிடந்தது. மாட்டாஸ்பத்திரியில் தையல் போட்டுக் கொண்டுவந்தேன். சனியன், தின்னவே மாட்டேன் என்றது. மீன் விற்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? தெருவில் கூவுகிற மாதிரியே "நெத்திலியோய்... மீனோய்!" என்று கூவி நீட்டினேன். லபக்! அதிலிருந்து கூவினால்தான் சாப்பாடு. மூன்று வாரம், வேளைக்கு வேளை கூவினேன்.

சேதி தெரிந்து வந்த வனத்துறைக்காரர் கறாராகச் சொன்னார்: "வீட்ல வச்சிருக்கக் கூடாதும்மா. நாளைக்குப் பக்கத்து ஊரு நெரவி வயல்ல விட்டுப் பாப்போம். தானா இரை புடிச்சா பொழச்சுது. உங்ககிட்டயே திரும்பி வந்துச்சுன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்."



மறுநாள் வியாபாரத்துக்குப் போகிற வழிதானே என்று தலையில் மீன்கூடையோடு போனேன். (புத்தி!) வனத்துறைக்காரர் விட்டதும் கொக்கு பறந்துபோய் வரப்பில் இறங்கியது. தண்ணீரையே பார்த்தது. கழுத்தை உள்ளே இழுத்தது. நானும் அவரும் மூச்சே விடவில்லை. அந்த நேரம் பார்த்தா நாற்றுப் பறிக்க வந்தவள் கேட்க வேண்டும்?

"ஏக்கா, கூடையில என்னா மீனு?"

முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நெத்திலியோய்... மீனோய்!"

கொக்கு வந்தது. என் கூடைக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. வனத்துறைக்காரர் தொப்பியில் இறங்கி, காலைக்கடனையும் அங்கேயே முடித்தது.

"சும்மா இருக்க மாட்டீங்களாம்மா?"

"கேட்டா சொல்லணும்ல சார்! யாவாரம்ல!"

"அப்ப கூண்டுதான்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தொப்பியைத் துடைத்துக்கொண்டே இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார். நிபந்தனை, நெரவிக்குள் நான் வாயே திறக்கக் கூடாது.

மறுநாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறின பிறகு கொக்கு சடக்கென்று ஒரு தவளையைக் கொத்தி விழுங்கியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தது. நன்றி கெட்டது! அழுகை முட்டியது. சத்தமாக அழவா முடியும்?

கூவினால் திரும்பி வந்துவிடுமே என்று, இன்றுவரை நெரவியில் மணியை ஆட்டித்தான் மீன் விற்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "நாப்பது வருஷமா நான் மூட முடியாத வாய, ஒரு கொக்கு மூடிட்டுப் போயிடுச்சுங்க!"

"நெரவியிலதாங்க மூடுனுச்சு," என்பேன் நான். "வீட்டுல இல்ல."